‘நாளைக்கு மதுரைக்குப் போகிறேன்’: மகள் எழுதியதில் பிழை எங்கே?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால வடிவங்கள் எத்தனை, அவற்றை எப்படி அமைப்பது என்பது கேள்வி. பாடப்புத்தகம் நான்கு என்கிறது, இணையத்தில் ஒருவர் ஏழு என்கிறார். கூடவே, ‘நாளைக்கு மதுரைக்குப் போகிறேன்’ என்பதற்கு மகள் ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ’ என்று எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டு ‘ஐ வில் கோ’ என்று திருத்தியதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். அது சரியான திருத்தமா என்று தெரிய வேண்டும்; அதற்கு வடிவங்களின் பட்டியல் மட்டும் போதாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். நானும் அப்படிப்பட்ட கோடுகளைத் தாராளமாகப் போட்டவன்தான்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முடித்துவிடலாம். ‘ரைட்’, அதாவது எழுது என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ வில் ரைட்’ என்றால் எழுதுவேன். ‘ஐ வில் பி ரைட்டிங்’ என்றால் எழுதிக்கொண்டிருப்பேன். ‘ஐ வில் ஹாவ் ரிட்டன்’ என்றால் எழுதி முடித்திருப்பேன். ‘ஐ வில் ஹாவ் பின் ரைட்டிங்’ என்றால் அந்த நேரம்வரை விடாமல் எழுதிக்கொண்டே இருந்திருப்பேன். புத்தகம் சொல்லும் நான்கு இவைதான். நான்கிலும் ‘வில்’ அசைவதில்லை. ஐ, யூ, ஹி, ஷி, தே என்று யார் வந்தாலும் அதே ‘வில்’. அதன் பின்னால் வருவதும் எப்போதும் வினையின் மூல வடிவம்தான். முதல் வடிவத்தில் அது ‘ரைட்’, இரண்டாவதில் ‘பி’, மூன்றிலும் நான்கிலும் ‘ஹாவ்’. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் ‘ஹி வில் கோஸ்’, ‘ஷி வில் ஹாஸ் ஃபினிஷ்டு’ போன்ற பிழைகள் தாமாக உதிர்ந்துவிடும். நிகழ்காலத்தில் ‘ஹி’ வந்தால் வினையோடு ‘எஸ்’ சேர்க்க வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளை மிரட்டி வைத்திருப்பதால், வேண்டாத இடத்திலும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘வில் டு கோ’ கிடையாது. ‘வில் கேன்’ கிடையாது. முடியும் என்பதை எதிர்காலத்தில் சொல்ல ‘வில் பி ஏபிள் டு’. எதிர்மறைக்கு ‘வில் நாட்’, பேச்சில் அது ‘வோன்ட்’ என்று சுருங்கும். ‘வில்’ எப்படி ‘வோ’ ஆனது என்று ஒரு மாணவி கேட்டாள். நடுக்கால ஆங்கிலத்தில் ‘வில்’லுக்கு ‘வொல்’ என்று இன்னொரு வடிவம் இருந்தது. மற்ற இடங்களில் அது மறைந்துபோய், இந்தச் சுருக்கத்தில் மட்டும் எஞ்சி நிற்கிறது.

மூன்றாவது வடிவத்துக்கு ஒரு கெடு வேண்டும். ‘பை ஃபிரைடே’, ‘பை ஜூன்’ என்று ‘பை’யோடு வரும் ஒரு முடிவு நேரம் பக்கத்திலோ மனத்திலோ இல்லாமல் ‘வில் ஹாவ் ரிட்டன்’ நிற்காது. நான்காவது வடிவத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘வருகிற மார்ச்சோடு இந்த ஊரில் நான் பத்து ஆண்டுகளாக வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்’ என்பது போன்ற கணக்குக்குத்தான் அது பயன்படும். தேர்வுக்கு வெளியே அதைச் சந்திப்பது அபூர்வம்.

இனி, வகுப்பறையில் நாங்கள் சொல்லாமல் தாண்டிப்போகும் செய்தி. தமிழில் எதிர்காலம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எழுதுவேன் என்பதில் ‘வ்’, படிப்பேன் என்பதில் ‘ப்’. நன்னூல் இவற்றை எதிர்கால இடைநிலைகள் என்று வரையறுக்கிறது. ஆங்கில வினைக்குள் அப்படி எதுவும் இல்லை. ‘ரைட்’ என்பது ‘ரோட்’ என்று மாறி இறந்தகாலம் காட்டும். எதிர்காலம் காட்ட அது மாறுவதே இல்லை. பழைய ஆங்கிலத்திலும் வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம் என்று இரண்டே வடிவங்கள். நாளை நடப்பதை நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு அக்கம்பக்கத்துச் சொற்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். ‘வில்’ என்றால் அப்போது விரும்புதல். ‘ஷல்’ என்றால் கடன்பட்டிருத்தல். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் இன்றும் வழங்கும் ‘ஷுல்ட்’ என்ற சொல் இதற்கு உறவு. நம் ஊரில் சொத்துக்கு எழுதிவைக்கும் உயில் இருக்கிறதே, அது ஆங்கில ‘வில்’ தமிழுக்கு வந்து குடியேறியதுதான். தமக்குப் பின்னால் என்ன நடக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறாரோ அதுதான் உயில். துணைவினை ‘வில்’லும் அதே வேரில் முளைத்தது. அதனால்தான் ‘ஐ வில் ரைட்’ என்பதில் எழுதுவேன் என்ற முன்னறிவிப்போடு, எழுத மனம் இருக்கிறது என்ற ஒப்புதலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே எத்தனை வடிவம் என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. நான்கு என்பவர் ‘வில்’ வரும் வரிசையை மட்டும் எண்ணுகிறார். ஏழு என்பவர் ‘கோயிங் டு’, நிகழ்காலத் தொடர்வடிவம், சாதாரண நிகழ்காலம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணியிருப்பார். ஆங்கிலத்தில் எதிர்காலம் என்ற வினைவடிவமே இல்லை என்று சொல்லும் இலக்கண அறிஞர்களும் உண்டு. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் இது வகைப்படுத்துவோரின் வழக்கு. உங்கள் மகளுக்கு வேண்டியது வேறு. பேசுகிறவர் எதை வைத்துக்கொண்டு நாளையைப் பற்றிச் சொல்கிறார்? கண்ணெதிரே ஓர் அறிகுறி இருக்கிறதா, ஏற்பாடு முடிந்துவிட்டதா, அச்சிட்ட கால அட்டவணை இருக்கிறதா, அல்லது வெறும் நினைப்பா, வாக்கா? வடிவத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டிருக்கிறார்கள். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, காற்றில் மண்வாசம். கீழே இருப்பவர்களைக் கூப்பிடும்போது ‘மழை வரும்’ என்றா கத்துவீர்கள்? ‘மழை வரப் போகிறது!’ என்பீர்கள். வானொலியில் வாசிப்பவர் ‘நாளை கடலோர மாவட்டங்களில் மழை பெய்யும்’ என்பார். ஆங்கிலமும் அச்சு அசலாக இதையே செய்கிறது. கறுத்த வானத்தைப் பார்த்தவன் ‘இட் இஸ் கோயிங் டு ரெய்ன்’ என்கிறான். அறிவிப்பாளர் ‘இட் வில் ரெய்ன்’ என்கிறார். எங்கேயோ தீவில் வளர்ந்த ஒரு மொழியும் காவிரிக் கரையில் வளர்ந்த ஒரு மொழியும், நடக்கவிருப்பதைச் சொல்ல ‘போ’ என்ற ஒரே வினையைத் தேடிப் பிடித்திருக்கின்றன. ஆங்கிலத்தில் இந்த வழக்கு பதினேழாம் நூற்றாண்டில்தான் நன்றாக ஊன்றிக்கொண்டது. அதற்கு முன் ‘கோயிங் டு’ என்றால் பெரும்பாலும் காலால் நடந்து போவதுதான். போவதும் போகப்போவதும் இன்று தனித்தனியாகிவிட்டன என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். அமெரிக்கர்கள் பேச்சில் ‘கோயிங் டு’வைக் ‘கானா’ என்று தேய்த்துவிடுவார்கள். ‘ஐம் கானா ரைட்’ என்று சொல்லலாம். ‘ஐம் கானா மதுரை’ என்று யாரும் சொல்வதில்லை. ஊருக்குப் போகிற ‘கோயிங் டு’ தேயாது. வினைக்கு முன்னால் எதிர்காலம் காட்டும் ‘கோயிங் டு’ மட்டுமே தேயும்.

ஆக, உங்கள் மகள் எழுதியது ‘கோயிங் டு’ எதிர்காலம் அல்ல. அது ‘கோ’ என்ற வினையின் நிகழ்காலத் தொடர்வடிவம். ‘டு’ என்பது மதுரைக்கு என்பதில் வரும் ‘கு’. நிகழ்காலம் எப்படி நாளைக்கு ஒத்துவரும்? தமிழில் எப்படி ஒத்துவந்ததோ அப்படித்தான். ‘நாளைக்கு மதுரைக்குப் போகிறேன்’ என்று சொல்லும்போது நீங்களும் நிகழ்காலத்தைத்தான் கையாள்கிறீர்கள். டிக்கெட் எடுத்தாயிற்று, சித்தி வீட்டுக்குச் சொல்லியாயிற்று, பையில் துணி அடுக்கியாயிற்று. பயணம் நாளை என்றாலும் ஏற்பாடு இன்றே உயிரோடு இருப்பதால் நிகழ்காலம். ‘ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ’ அதே மனநிலைக்கு அதே வடிவம். சுத்தமான ஆங்கிலம். ஆங்கிலேயரும் நாளைய பயணத்தை இப்படித்தான் சொல்வார்கள். இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ரயில், பள்ளித் திறப்பு போன்ற அட்டவணைச் செய்திகளுக்கு இன்னும் எளிய வடிவம் போதும்: ‘த டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ’. வண்டி நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறது என்று நாமும் சொல்கிறோமே.

தமிழ் இவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்றதும், தமிழை அப்படியே பெயர்த்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் அது காலை வாரிவிடும். தொலைபேசி மணி அடிக்கிறது. ‘இரு, நான் எடுக்கிறேன்’ என்று எழுகிறோம். அந்த நொடியில் எடுத்த முடிவு, தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில் அங்கே ‘வில்’தான் வர வேண்டும்: ‘ஐ’ல் கெட் இட்’. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’, ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கும் இடங்களிலும் அப்படியே. ‘நாளைக்குத் தருகிறேன்’ என்பதை ‘ஐ கிவ் டுமாரோ’ என்று எழுதுபவர்கள் இப்படித்தான் வழுக்குகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான வழுக்கலும் உண்டு. ‘மை ஃபாதர் வில் டிரிங்க் காஃபி எவ்ரி மார்னிங்’ என்று எழுதிய பையன்களின் நோட்டுகளில் பல ஆண்டுகள் சிவப்பு மையைக் கொட்டியிருக்கிறேன். ‘அப்பா தினமும் காலையில் காபி குடிப்பார்’ என்பதைத்தான் அவர்கள் ஒரு பிசிறில்லாமல் பெயர்த்திருக்கிறார்கள் என்று உறைக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தை எடுக்கிறது, ஆங்கிலம் நிகழ்காலத்தை எடுக்கிறது: ‘மை ஃபாதர் டிரிங்க்ஸ்’. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் அந்தப் பிழை என் வகுப்பில் குறைந்தது. தெரியும், புரியும், பிடிக்கும், முடியும் ஆகிய நான்கையும் பாருங்கள். நால்வருக்கும் உடுப்பு எதிர்காலம், உள்ளே இருப்பது இன்று. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்பதை ‘ஐ வில் நோ’ என்று எந்தப் பிள்ளையும் பெயர்ப்பதில்லை. காபிக்கும் அதே விழிப்பு வந்துவிட்டால் போதும்.

இன்னொரு பெரிய பள்ளம் ‘வென்’. ‘அவன் வரும்போது சொல்கிறேன்’ என்பதில் ‘வரும்’ எதிர்கால வடிவம். எனவே கை தன்னால் ‘வென் ஹி வில் கம்’ என்று எழுதும். ஆங்கிலத்தில் வென், இஃப், ஆஃப்டர், பிஃபோர், அன்டில் ஆகியவை தொடங்கும் காலத் தொடருக்குள்ளும் நிபந்தனைத் தொடருக்குள்ளும் சாதாரணமாக ‘வில்’ நுழைவதில்லை. ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’. எதிர்காலத்தை முதன்மைத் தொடர் சுமந்துகொள்கிறது, துணைத்தொடர் கைவீசிக்கொண்டு வருகிறது. ‘இஃப்’ வரும்போது நம் பிள்ளைகள் இன்னொரு திசையிலும் சறுக்குவார்கள். வந்தால் என்ற சொல்லில் வந்த என்ற இறந்தகாலம் ஒளிந்திருப்பதால் ‘இஃப் ஹி கேம், ஐ வில் டெல்’ என்று எழுதுவார்கள். அதுவும் ‘இஃப் ஹி கம்ஸ்’தான். விதிவிலக்கு ஒன்று உண்டு: ‘இஃப் யூ வில் வெயிட் எ மினிட்’ என்று மரியாதையாகக் கேட்கும்போது ‘வில்’ வரலாம். அங்கே அது எதிர்காலம் காட்டவில்லை. தயவுசெய்து காத்திருக்க மனமிருந்தால் என்ற பழைய விருப்பப் பொருளில் நிற்கிறது.

காலத்தையும் வடிவத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே ஆதாரம் உண்டு. இனி நடக்கப்போவதை விரைவு காரணமாக இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று அது இடம் கொடுக்கிறது. வாசலில் நண்பன் கத்துகிறான். உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்!’ என்கிறோம். வரவேயில்லை. ஆங்கிலேயன் அங்கே ‘ஐ ஆம் கமிங்!’ என்பான். மறுபுறம், நடந்து முடிந்ததை ஊகிக்க எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துவதில் இரு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன. ‘இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்’ என்பது ‘ஹி வில் ஹாவ் ரீச்ட் ஹோம் பை நவ்’. கதவைத் தட்டும் சத்தம் கேட்டு ‘தபால்காரராக இருக்கும்’ என்பது ‘தட் வில் பி த போஸ்ட்மேன்’. இந்த இரண்டு வாக்கியங்களிலும் நாளை என்பதே இல்லை. ஊகம் மட்டும் இருக்கிறது.

‘ஷல்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் அடுத்த ஆண்டு கேட்பாள். ஐ, வீ இரண்டுக்கும் ‘ஷல்’, மற்றவற்றுக்கு ‘வில்’. அழுத்தமோ ஆணையோ வாக்கோ வந்தால் தலைகீழ் என்று ஒரு விதியை நாங்கள் உருப்போட்டோம். இதை 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்துக் கொடுத்தவர் ஜான் வாலிஸ். அவர் ஒரு கணித மேதை. முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டு அவர் கொடுத்த குறிதான். விதி நம் நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1947 ஆகஸ்ட் 14 இரவு நேரு ஆற்றிய உரையைக் கேளுங்கள். நாம் நம் வாக்கை மீட்போம் என்னும் இடத்தில் ‘வீ ஷல் ரிடீம் அவர் பிளெட்ஜ்’. அடுத்த வரியிலேயே ‘இந்தியா வில் அவேக்’. தன்மைக்கு ஷல், படர்க்கைக்கு வில், வாலிஸ் வகுத்தபடியே. அரசியலமைப்பின் முதல் உறுப்பிலோ படர்க்கையான இந்தியாவுக்கே ‘ஷல் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்’ என்று வருகிறது. அது ஜோசியம் அல்ல, சட்டத்தின் ஆணை. இன்று அன்றாடப் பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. ‘ஐ வில்’ என்று எழுதினால் எங்கும் சரியே. ‘ஷல்’ கட்டாயம் வேண்டிய இடம், செய்யட்டுமா, போகலாமா என்று கேட்கும் இடம்: ‘ஷல் ஐ ஓப்பன் த விண்டோ?’, ‘ஷல் வீ கோ?’. இங்கே ‘வில் ஐ’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும்.

‘வில்’லுக்கும் ‘கோயிங் டு’வுக்கும் நடுவே நான் மேலே போட்ட கோடு எல்லா இடத்திலும் அவ்வளவு தடிமனாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அவர்கள் ஜெயிப்பார்கள்’, ‘அவர்கள் ஜெயிக்கப் போகிறார்கள்’ இரண்டையும் ஒரே ரசிகர் ஒரே மூச்சில் சொல்வார். ஆங்கிலத்திலும் அப்படித்தான், இரண்டும் பொருந்தும் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தவறு என்று அடிப்பது நியாயமில்லை. நெளிவுசுளிவுகள் வேறு உண்டு. ‘வில் யூ யூஸ் த கார் டுநைட்?’ என்பது காரை எடுக்கச் சம்மதமா என்று கேட்பது போலவும் ஒலிக்கும். ‘வில் யூ பி யூஸிங் த கார்?’ என்றால், உங்கள் திட்டத்தை மட்டும் விசாரிக்கிறேன், நெருக்கவில்லை என்ற பணிவு வந்துவிடுகிறது. இதையெல்லாம் எட்டாம் வகுப்பில் யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை.

மகளின் தாளுக்கு வருகிறேன். அந்தப் பகுதியின் தலைப்பில் என்ன கட்டளை கொடுத்திருந்தார்கள் என்று பாருங்கள். ‘சிம்பிள் ஃபியூச்சரில் எழுதுக’ என்று இருந்திருந்தால் ஆசிரியை கேட்டது ‘வில் கோ’தான், மகளின் வாக்கியம் நல்ல ஆங்கிலம், ஆனால் கேட்ட வடிவம் அல்ல. அந்த மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். வெறுமனே ‘ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும்’ என்று மட்டும் இருந்திருந்தால் அவள் எழுதியதுதான் பொருத்தமான விடை, அடித்தது பிழை. அப்போது மகளையே அனுப்பி, டிக்கெட் வாங்கியாயிற்று என்பதால் இப்படி எழுதினேன் என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் போய் நிற்பதைவிட அது நன்றாக இருக்கும். என் மேசைக்கு முன்னால் அப்படி வந்து நின்ற பிள்ளைகளிடம் நான் இரண்டு முறை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.